லைன் கிளியர் இல்லாத வேலை

கேள்வி:

எனக்கு 34 வயது. திருச்சியில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் ரிலேஷன்ஷிப் மேனேஜராக இருக்கிறேன். தினமும் காலை 9 மணிக்கு, பல கிளைகளுக்குப் பொறுப்பான கிளஸ்டர் ஹெட்டின் கான்ஃபரன்ஸ் கால். நேற்று என்ன நம்பர், இன்றைக்கு என்ன கமிட்மென்ட் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். 8.45-க்கே நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும். மதியமும் மாலையும் இன்னும் இரண்டு கால். வீட்டுக்குக் கிளம்ப இரவு எட்டரை ஆகிவிடும். 11 மணிக்கும் வாட்ஸ்அப் குழுவில் 'அப்டேட் ப்ளீஸ்' வரும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனாலே வயிற்றைப் பிசைகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் எல்லாம் நார்மல். கேஸ் டிரபிள் என்று மாத்திரை கொடுத்தார்கள். தூக்கத்துக்காக, நண்பர் ஒருவர் சொன்ன அல்பிரசோலம் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மூன்று மாதமாகப் போடுகிறேன்.

போன வாரம் மாதக் கடைசி. எஃப்.டி. போட வந்த ஓய்வு பெற்ற டீச்சரம்மா ஒருவருக்கு யூலிப் (பங்குச் சந்தையோடு இணைந்த இன்ஷூரன்ஸ்) பாலிசி போட்டுவிட்டேன். 'தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்' என்று அவர் கையெழுத்துப் போட்டது கண்ணிலேயே நிற்கிறது. வண்டியில் போகும்போது, சின்னதாக ஒரு ஆக்சிடென்ட் ஆனால் நாலு நாள் யாரும் கூப்பிடமாட்டார்களே என்று தோன்றுகிறது.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். "வெயில்லயும் மழையிலயும் கம்பம் ஏறினேன். மனசு சரியில்லைன்னு ஒரு நாள் லீவு போட்டதில்லை. ஏசில உக்காந்துக்கிட்டு உனக்கு என்னடா டென்ஷன்?" என்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. நான்தான் பலவீனமானவனா? வேலையை விட்டுவிடலாமா? வீட்டுக் கடன் இருக்கிறது. மகள் யு.கே.ஜி. படிக்கிறாள்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால், கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன சில விஷயங்கள் இருக்கின்றன. எனக்கு அவைதான் முதலில் கண்ணில் பட்டன.

அந்த ஆக்சிடென்ட் நினைப்பு. வேலை நெருக்கடியோடு மனநல மருத்துவர்களிடம் வருகிறவர்கள் பலரும் இதைச் சொல்வார்கள். கால் முறிந்தால் தேவலை, டெங்கு வந்தால் தேவலை, ஆஸ்பத்திரியில் நாலு நாள் படுத்தால் போனை அணைத்து வைக்கலாம். யாரும் மறுக்க முடியாத ஒரு காரணத்தோடு ஓய்வெடுக்க வேண்டும் என்ற ஏக்கம்தான் பெரும்பாலும் இப்படி வெளிப்படுகிறது. ஆனால் இதற்கும் சாக வேண்டும் என்ற எண்ணத்துக்கும் நடுவே இருக்கும் கோடு அழுத்தமான கோடு கிடையாது. 'நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது' என்று நினைப்பு நகர்ந்தாலோ, எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தாலோ, வண்டியை வேண்டுமென்றே கண்மண் தெரியாமல் ஓட்டினாலோ, அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை அது. எண்ணை இப்போதே போனில் பதிந்து வையுங்கள். தேவைப்படுகிற இரவில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்து அந்த மாத்திரை. அல்பிரசோலம் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. எச்1 அட்டவணையில் இருக்கிறது; விற்றால் யாருக்கு, யார் எழுதிய சீட்டுக்கு என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். உங்களுக்கு அது சுலபமாகக் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். சில நாட்களுக்கு, ஒரு நெருக்கடியைத் தாண்ட, மருத்துவர்களான நாங்களும் அதை எழுதுவது உண்டு. மூன்று மாதம் தினமும் போட்டால் உடம்பு பழகிவிடும், அதே அளவு போதாமல் போகும். அதன் வேகம் சில மணி நேரத்தில் இறங்கிவிடுவதால், விடியற்காலை விழிப்புக்கு அந்த மாத்திரையேகூட ஒரு காரணமாக இருக்கலாம். இதைப் படித்த வேகத்தில் இன்றே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பதற்றம் இரண்டு மடங்காகத் திரும்பும், சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மாத்திரை போட்ட இரவில் மது கூடவே கூடாது.

இதயம் நார்மல் என்று வந்தது நல்ல செய்தி. ஆனால் 'நார்மல்' என்றதும் நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன்: அப்படியென்றால் எல்லாம் என் கற்பனை. கற்பனை கிடையாது. 8.45-க்கு அட்ரினலின் நிஜமாகவே சுரக்கிறது, இதயம் நிஜமாகவே வேகமாக அடிக்கிறது, குடலுக்குப் போகும் ரத்தம் நிஜமாகவே குறைகிறது. வயிற்றைப் பிசைவது அதனால்தான். தைராய்டு, ரத்தசோகை இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. செய்யாவிட்டால் செய்துவிடுங்கள். படபடப்புக்கு அவையும் காரணமாகலாம்.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருவோம். அதை அவர் கிண்டலாகக் கேட்டிருந்தாலும் நல்ல கேள்வி. உயிருக்கே ஆபத்தான வேலை பார்த்தவர் நிம்மதியாகத் தூங்கினார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பவருக்குத் தூக்கம் வரவில்லை. ஏன்?

லைன்மேன் கம்பம் ஏறுவதற்கு முன்னால் துணைமின் நிலையத்தில் 'எல்.சி.' வாங்குவார், லைன் கிளியர். இந்த லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம், நீங்கள் வேலை செய்யலாம் என்று அர்த்தம். அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், விளக்கமாகச் சொல்வார். அந்த எல்.சி.யை அவர் வேலை முடித்துத் திருப்பித் தரும்வரை சப்ளை போடக் கூடாது. கலெக்டர் வீட்டில் கரண்ட் இல்லை என்றாலும் போடக் கூடாது. இந்த விதி மீறப்பட்டு, அல்லது யாரோ வீட்டு ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் திரும்பி வந்து, லைன்மேன்கள் செத்திருக்கிறார்கள். அந்த வேலையை நான் அழகுபடுத்தவில்லை. ஆனால் விதி என்று ஒன்று இருந்தது. வேலை எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது, அதற்கு நடுவில் யார் குறுக்கிடக் கூடாது என்பதில் கம்பத்தின் மேல் இருந்தவருக்கு ஒரு பிடி இருந்தது. இறங்கி வந்தார், தெருவில் விளக்கு எரிந்தது, வேலை முடிந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, தமிழ்நாடு முழுவதிலுமிருந்து மின் ஊழியர்கள் போய் இடுப்பளவு சேற்றில் நின்று வேலை பார்த்தார்கள். உடம்பு முறிகிற வேலை. இருந்தும் ஒவ்வொரு ஊராகக் கரண்ட் வந்தபோது அது அவர்கள் கண்ணெதிரே வந்தது.

உங்களுக்கு எல்.சி. கிடையாது. எந்த நேரமும் லைனில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது, நீங்கள் மேலேயே இருக்கிறீர்கள்.

ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1979-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வேலை எவ்வளவு கடினம் என்பதை மட்டும் பார்த்தால் போதாது, அதைச் செய்கிறவருக்கு அதில் எவ்வளவு முடிவெடுக்கும் உரிமை இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். கேட்பது அதிகம், உரிமையும் அதிகம் என்றால் மனிதன் களைப்பான், ஆனால் வளர்வான். ஒரு அறுவை சிகிச்சை நிபுணரைப் போல. கேட்பது அதிகம், உரிமை குறைவு என்றால் நோய்வாய்ப்படுவான். உங்கள் வேலையை இதில் வைத்துப் பாருங்கள். இந்த மாதம் எத்தனை பாலிசி, எத்தனை கிரெடிட் கார்டு, எவ்வளவு காசா (நடப்பு, சேமிப்புக் கணக்கு) டெபாசிட் என்று நிர்ணயிப்பது உங்களுக்கு நாலு படி மேலே இருக்கும் ஒருவர். வாடிக்கையாளர் வாங்குவாரா மாட்டாரா என்பது வாடிக்கையாளர் கையில். வட்டி விகிதம் ரிசர்வ் வங்கி கையிலும் தலைமையகத்தின் கையிலும். இத்தனையும் சேர்ந்து வருகிற நம்பர் மட்டும் உங்கள் பெயரில். 9 மணி காலில் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இதற்கு லண்டனில் பெரிய ஆதாரம் கிடைத்தது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களை மைக்கேல் மார்மட் போன்ற ஆய்வாளர்கள் 1967-இலிருந்து பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள், வைட்ஹால் ஆய்வுகள் என்று பெயர். எல்லோரும் ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள், யாரும் பட்டினி கிடந்தவர்கள் இல்லை. பெரிய பொறுப்பு, பெரிய டென்ஷன், ஆகவே மேலதிகாரிகளுக்குத்தான் மாரடைப்பு அதிகம் வரும் என்பதுதான் அன்றைய பொது நம்பிக்கை. வந்த முடிவு தலைகீழ். அடிமட்ட ஊழியர்கள் இதயநோயில் இறக்கும் வாய்ப்பு உச்சியில் இருந்தவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. சிகரெட், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கழித்த பிறகும் இடைவெளியின் பெரும்பகுதி மிச்சம் இருந்தது. 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் 10,308 பேரை எடுத்துப் பார்த்தபோது, தன் வேலையின் மேல் தனக்குப் பிடி இல்லாததும் இதயநோயோடு சேர்ந்து வருவது தெரிந்தது. உங்கள் அப்பாவிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார். ஆனால் அவருடைய யூனியன் தலைவருக்கு உடனே புரிந்திருக்கும்.

யூனியன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு அதிகாரி எல்லோர் முன்னாலும் உங்கள் அப்பாவைத் தரக்குறைவாகத் திட்டியிருந்தால், மறுநாள் ஆபீஸ் வாசலில் கொடி நின்றிருக்கும். அதற்கு மேல், அவர் 2003 ஏப்ரலுக்கு முன்னால் சேர்ந்தவராக இருந்தால் பழைய ஓய்வூதியம் வருகிறது. ஒரு மாதம் வேலை சரியாக ஓடாவிட்டால் வாழ்க்கையே போய்விடும் என்ற பயம் அவருக்கு இருந்திருக்காது. உங்கள் கான்ஃபரன்ஸ் காலில் யாரையாவது திட்டினால் மற்றவர்கள் எல்லோரும் மியூட்டில் இருக்கிறார்கள். தன் முறை வரவில்லையே என்று மூச்சு விடுகிறார்கள், அப்புறம் அப்படி மூச்சு விட்டதற்காக வெட்கப்படுகிறார்கள். 2023-இல் ஒரு தனியார் வங்கி அதிகாரி வீடியோ மீட்டிங்கில் ஊழியர்களைக் கத்தித் தீர்க்கும் காட்சி வெளியே வந்து நாடு முழுவதும் பரவியது, வங்கி அவரைப் பணியிடை நீக்கம் செய்தது. பார்த்தவர்கள் அதிர்ச்சியடைந்தார்கள். வங்கியில் வேலை பார்ப்பவர்கள் பலர் அதிர்ச்சியே அடையவில்லை. எனக்கு அதுதான் அதிர்ச்சி.

இரவு 11 மணி மெசேஜ் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், அது சின்ன விஷயம் போலத் தெரிகிறது. 1970 வாக்கில் ஜே வைஸ் என்ற உளவியலாளர் எலிகளை வைத்துச் சில சோதனைகள் செய்தார். இரண்டு எலிகளுக்கும் ஒரே அளவு மின் அதிர்ச்சி. ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சிக்கு முன்னால் ஒரு 'பீப்' ஒலி கேட்கும். ஒலி கேட்ட எலிக்கு வயிற்றுப்புண் குறைவாகவே வந்தது, கேட்காததற்குப் பல மடங்கு. ஒலி கேட்ட எலி, ஒலி இல்லாத நேரமெல்லாம் நிம்மதியாக இருந்தது. மற்றதற்கு எந்த நொடி வேண்டுமானாலும் வரலாம், அதனால் எல்லா நொடியும் பயம். கிளஸ்டர் ஹெட் தினமும் இரவு 11 மணிக்கு அனுப்புகிறார் என்றுகூட இல்லை. சில நாள் அனுப்புகிறார். அதனால் அனுப்பாத நாளிலும் நீங்கள் ஓய்வில் இல்லை. மகளோடு விளையாடும்போதும் போன் மல்லாந்துதான் கிடக்கும் என்று ஊகிக்கிறேன்.

இன்னொன்று, உங்கள் வேலைக்கு முடிவே கிடையாது. 31-ஆம் தேதி இரவு உயிரைக் கொடுத்து எட்டிய நம்பர் 1-ஆம் தேதி காலை பூஜ்யம். மார்ச் முடிந்தால் ஏப்ரலில் முழுப் பலகையையும் அழித்துவிடுவார்கள். போன வருடம் எட்டியவருக்கு இந்த வருடம் டார்கெட் கூடும், ஆக நன்றாகச் செய்ததற்குக் கிடைக்கும் பரிசே இன்னும் பெரிய டார்கெட்தான். வேலை நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். காலை 9 முதல் இரவு எட்டரை, இரண்டாம் நான்காம் சனி போக மற்ற சனிக்கிழமைகளும். வாரத்துக்கு 55 மணி நேரத்தைத் தாண்டிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டில், 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்கிறவர்களைவிட 55 மணி நேரமோ அதற்கு மேலோ செய்கிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம், இதயநோயில் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல் என்று இருந்தது. வாரத்துக்கு 70 மணி, 90 மணி உழைக்க வேண்டும் என்று பெரிய கம்பெனித் தலைவர்கள் பேசும்போது இந்த அறிக்கையை யாராவது அவர்கள் மேஜையில் வைத்தால் நன்றாக இருக்கும்.

ஆக, நீங்கள் பலவீனமானவர் இல்லை. ஆனால் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இருக்கிறது. அதே கிளையில், அதே கான்ஃபரன்ஸ் காலில் இருக்கும் ஒருவர் குறட்டை விட்டுத் தூங்குகிறாரே? தூங்குவார். பதற்றத்துக்கு ஆளாகும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடும். பரம்பரை, சிறுவயது, குடும்பத்தில் எவ்வளவு பேச முடிகிறது என்பதெல்லாம் சேர்ந்தது அது. வேலை எல்லோரையும் ஒரே அளவு உடைக்காது என்பதால் வேலை மேல் தப்பில்லை என்று ஆகிவிடாது. உங்களுக்கு உதவி தேவைப்படுகிறது என்பதும், வேலை சரியில்லை என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். பல ஹெச்.ஆர். துறைகள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு யோகா வகுப்பும் தியான ஆப்பும் தருகின்றன. நான் யோகாவுக்கு எதிரி இல்லை. மாலை ஆறு மணிக்கு யோகா, ஏழு மணிக்கு ரிவ்யூ கால் என்றால் சிரிப்புத்தான் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 'பர்ன்அவுட்'டை, அதாவது வேலையால் முற்றாகச் சோர்ந்துபோவதை, ஒரு நோய் என்று சொல்லாமல், வேலை சார்ந்த ஒரு நிலை என்று வகைப்படுத்தியதை நான் முக்கியமாக நினைக்கிறேன். வேலையிடத்தில் சரிசெய்யப்படாமல் நீடிக்கும் அழுத்தத்தால் வருவது என்றே விளக்கம் கொடுத்தார்கள்.

இனி அந்த டீச்சரம்மா. உங்கள் கடிதத்திலேயே கனமான இடம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. உங்கள் படபடப்புக்கு மருந்து தர முடியும். இதற்கு மருந்து கிடையாது, இருக்கவும் கூடாது. மனசாட்சி வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது. தான் நம்பாத ஒன்றைச் சிரித்த முகத்தோடு விற்க வேண்டியிருக்கும்போது வரும் களைப்பு, வேலைப் பளுவால் வரும் களைப்பைவிட ஆழமானது. பலர் இதைச் சொல்லாமல் 'டார்கெட் டென்ஷன்' என்று மட்டும் சொல்வார்கள். நீங்கள் எழுதிவிட்டீர்கள், அதனால் ஒரு வழி சொல்கிறேன். உங்களுக்கே தெரிந்த வழிதான். பாலிசி ஆவணம் கையில் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு, ஃப்ரீ லுக் காலம். சில பிடித்தங்களும் யூனிட் விலை ஏற்ற இறக்கமும் போக மீதி வரும். கையெழுத்தாகி ஒரு வாரம்தான் ஆகிறது, நாள் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் ஐந்து வருட லாக்-இன், அதுவரை பணத்தை எடுக்க முடியாது. அவருக்குப் போன் செய்யுங்கள், வீட்டுக்குப் போய்ச் சொன்னால் இன்னும் நல்லது: "அம்மா, நீங்க கேட்டது எஃப்.டி. நான் போட்டது சந்தை ஏற்ற இறக்கம் உள்ள பாலிசி. வேண்டாம்னா இத்தனாம் தேதிக்குள்ள எழுதிக் குடுத்தா போதும்." ரத்தானால் அது உங்கள் நம்பரில் விழும், காலில் கேள்வி வரும். அது தெரிந்தேதான் சொல்கிறேன். அந்த ஒரு கான்ஃபரன்ஸ் காலைத் தாங்கிக்கொள்வது, அந்த முகத்தை வருடக்கணக்கில் தாங்குவதைவிட உங்களுக்குச் சுலபம்.

சிகிச்சை பற்றி. ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். திருச்சி அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. பதற்ற நோயா, கூடவே மனச்சோர்வும் இருக்கிறதா என்பதைக் கடிதத்தை வைத்து நான் முடிவு செய்யக் கூடாது. ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம் இருந்தால், 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க மருத்துவரைக் கட்டாயப்படுத்துகிறது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்து ஒன்றை எழுதலாம். அல்பிரசோலம் மாதிரி போட்டவுடன் தூக்கிவிடாது, வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும். முதல் வாரம் குமட்டலோ கொஞ்சம் கூடுதல் படபடப்போ இருக்கலாம், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம். போதை மாதிரி அடிமையாக்கும் மருந்து இது இல்லை, ஆனாலும் நிறுத்தும்போது படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். கூடவே உளவியலாளரிடம் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (சி.பி.டி.), அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை, கிடைத்தால் விடாதீர்கள். எல்லோருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை.

இதற்கிடையே வீட்டில் செய்ய வேண்டியது. போனைப் படுக்கையறைக்குள் கொண்டுபோக வேண்டாம், அலாரத்துக்குக் கடிகாரம் வாங்குங்கள். இரவு ஒன்பதரைக்கு மேல் அந்தக் குழு மட்டும் மியூட். குடும்ப எண்களுக்கு மணி அடிக்கட்டும். உங்கள் தொழிலில் இரவு 11 மணிக்கு யாருக்கும் உயிர் போகாது. முதல் சில நாள் பதற்றம் கூடும், அதை எதிர்பார்த்தே செய்யுங்கள். மூன்று மணிக்கு விழித்தால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, தூக்கம் வரும்போது திரும்பிப் போங்கள். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். அப்புறம், மாலையில் ஒரு கால் மணி நேரத்தைக் கவலைக்கென்றே ஒதுக்கி, நாளைய கவலையை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். கேட்கக் கேலியாக இருக்கும், ஆனால் பதற்றத்துக்குப் பல காலமாகப் பயன்பட்டுவரும் முறை இது. கவலை மற்ற நேரத்தில் வந்தால் 'நாளை மாலை' என்று தள்ளிவைக்கக் கொஞ்ச நாளில் பழகிவிடும்.

ஆபீசில் 'டென்ஷனா இருக்கு சார்' என்று போய் நிற்காதீர்கள். அதற்கு 'எல்லாருக்கும்தான் இருக்கு' என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள். மாலை காலுக்குப் பதில் ஷீட்டில் நிரப்பிவிடட்டுமா? இந்த மாதம் டெபாசிட், இன்ஷூரன்ஸ், கார்டு மூன்றில் எது முதலில் என்று ஒரு மெயில் போட முடியுமா? இந்த அளவு கேட்டால் சில மேலாளர்கள் இறங்கி வருவார்கள், அவர்களும் தங்களுக்கு மேலே இருப்பவரிடம் திட்டு வாங்குகிறவர்கள்தான். சிலர் வரமாட்டார்கள். அதுவும் உங்களுக்கு ஒரு தகவல். சட்டம் வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க வேண்டாம். வேலை நேரம் முடிந்தபின் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இங்கே அது தனிநபர் மசோதா என்ற அளவைத் தாண்டவில்லை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். எதிர்த்தவர்களில் வங்கி ரிலேஷன்ஷிப் மேனேஜர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக, வேலையை விடுவது. இப்போது முடிவெடுக்க வேண்டாம். தூக்கம் இல்லாத மூளைக்கு இரண்டே வழிகள்தான் தெரியும், ராஜினாமா அல்லது நரகம். மருத்துவர் பரிந்துரைத்தால் ஓரிரு வாரம் மருத்துவ விடுப்பு எடுங்கள், சிகிச்சைக்கு இரண்டு மாதம் கொடுங்கள். அதற்குள் தூக்கம் திரும்பி, ஞாயிறு மாலை சாதாரண மாலையாகிவிட்டால், வேலையோடு பேரம் பேச உங்களிடம் தெம்பு இருக்கும். உடம்பு தேறியும் 8.45-க்கு அதே படபடப்பு என்றால், வேலைதான் மாற வேண்டும். அதற்காக வங்கித் துறையையே விட வேண்டியதில்லை. கிளைக்குள்ளேயே ஆபரேஷன்ஸ், அல்லது கடன் பரிசீலனை, பேக் ஆபீஸ் என்று விற்பனை டார்கெட் குறைவான இடங்கள் உண்டு. இன்சென்டிவ் போகும், சம்பளம் கொஞ்சம் குறையலாம். எவ்வளவு குறைந்தால் குடும்பம் தாங்கும் என்பதைப் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்து பாருங்கள். வீட்டுக் கடன் தவணையை நீட்டினால் ஈ.எம்.ஐ. எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட உங்களைவிடத் தகுதியான ஆள் வேறு யார்? நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் எவ்வளவு என்றும் பார்த்து வையுங்கள்.

அந்தக் கணக்கைத் தனியாகப் போடாதீர்கள். கடிதத்தில் அப்பா வருகிறார், மகள் வருகிறாள், கிளஸ்டர் ஹெட்கூட வருகிறார். மனைவி ஒரு வரியில்கூட வரவில்லை. அவருக்கு மாத்திரை விஷயம் தெரியாது என்று நினைக்கிறேன். இந்த வாரமே சொல்லிவிடுங்கள். முதல் முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். எப்போதிலிருந்து தூக்கம் கெட்டது, சாப்பாடு எப்படி, கோபம் எப்படி என்று மருத்துவர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு உங்களைவிட அவர்தான் சரியான பதில் சொல்வார்.